விடியுமுன் புறப்பட்டவர்கள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மின்ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தஞ்சோங் மாலிமிலேயே பேராக் தொடங்கிவிடுகிறது. கம்பார் தாண்டி பத்து காஜாவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணில் படும். என் மகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஏழு வயது. இந்தப் பயணம் எதற்கு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. "பாட்டியைப் பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அடுத்த மாதம் எனக்குச் சிங்கப்பூரில் வேலை தொடங்குகிறது. ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் பாலம் கடந்து போய்வர வேண்டும். கணவருக்கோ கோலாலம்பூரில் ஷிஃப்ட் வேலை. "ஒரு வருஷம்தானே, பிள்ளைய இங்க கொண்டாந்து விடு" என்று அம்மா சொல்லிவிட்டார். ஈப்போவில் பள்ளிக்கூடம் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

என்னையும் தம்பியையும் இதே மாதிரி விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் சிங்கப்பூர் வேலைக்குப் போனது 1989-இல். எனக்கும் அப்போது ஏழு வயது.

ஈப்போ ரயில் நிலையத்தை ஊர்க்காரர்கள் 'தாஜ்மகால்' என்று சொல்லிக்கொள்வதுண்டு. ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1917-இல் முடித்த வெள்ளைக் கட்டடம். அம்மா வீடு அங்கிருந்து அதிகத் தூரமில்லை. ஆனாலும் அவர் யாரையும் வரவேற்கவோ வழியனுப்பவோ நிலையத்துக்கு வந்ததே இல்லை. நாங்கள் புறப்படும் நேரம் பார்த்து அவருக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். சட்டியைத் தேய்த்தபடியே, "சரி, போய்ட்டு வாங்க" என்பார். அது அவர் சுபாவம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கச்சாங் பூத்தே கடையில்

மறுநாள் காலை பசியாறிவிட்டு மகளைப் புந்தோங்குக்கு அழைத்துப் போனேன். ஈப்போவில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் போட்டு விற்கத் தொடங்கி, அந்த இடமே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று பெயர் வாங்கிவிட்டது. தெருவில் நுழையும்போதே எண்ணெய் காயும் வாசனை வரும்.

ஒரு கடையில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் மகளின் கையில் ஒரு பிடி வறுத்த கடலையைக் கொட்டினார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரிப்பு தோட்டம்வரை போனது. அவரும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான். 1970-இல் அவருடைய அப்பா, அம்மா, தங்கை மூவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா வீட்டில் இவர் மட்டும் தங்கிவிட்டார்.

"அவங்களுக்குச் சிவப்பு ஐ.சி. எனக்குப் பிறந்த சூரா இருந்துச்சு. நீ படிச்சு ஆளாயிடு, நாங்க திரும்பி வந்துடுறோம்னாங்க" என்றார். அவர்கள் வரவில்லை. இவரும் போய்ப் பார்க்கவில்லை. கல்யாணமான பிறகு ஈப்போவை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லையாம். பினாங்கில் மகள் வீடு இருக்கிறது. காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடுவார். "நம்ம போற நேரம் பார்த்து இங்க யாராவது போயிட்டா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்த 1970-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 வரை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்து பால் வெட்டிய பெற்றோர் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை, அல்லது மொழித் தேர்வையும் பாரங்களையும் தாண்டவில்லை. அவர்கள் கையில் இருந்தது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் நாட்டைவிட்டுப் போனதாக ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி, ஒரு வாரத்துக்கு நெருக்கமான பயணத்தில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கினார்கள். ஒரே வீட்டில் சிவப்பு அட்டையும் குடியுரிமையும் கலந்திருந்த இடங்களில் குடும்பம் இரண்டாகியது. யார் போவது, யாரை விட்டுப் போவது என்பதைச் சில வாரங்களில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

என் அம்மா 1959-இல் பிறந்தவர். அந்தப் பிள்ளைகளில் அவரும் ஒருவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

பால்மரம் வைத்த நேரம்

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் குனோங் சீரோ அடிவாரத்தில் கல்லுமலை முருகன் கோயில் இருக்கிறது. எங்கள் பிள்ளைப்பருவ நாள்காட்டியில் இரண்டே நாள்கள்தான்: தீபாவளியும், கல்லுமலைத் தைப்பூசமும். அந்த இரண்டுக்கும் அம்மாவும் அப்பாவும் வருவார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல்தான் முழுமையடைந்தது. அதற்கு முன் ஜொகூரிலிருந்து பேருந்தில் வந்து சேர ஒரு முழு நாளோ இரவோ போய்விடும்.

எங்கள் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. ஒரு பகுதியில் தாமான் எழுந்துவிட்டது. லயத்து வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரட்டுக்களம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் மிச்சமிருந்தது. மகள் அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடினாள்.

அந்தத் தரையில்தான் என் தலைமுறையும் அதற்கு முந்திய தலைமுறையும் வரிசையாகத் தொட்டிலில் கிடந்தோம். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த நேரத்தில். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் நீரழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். அதனால் பொழுது விடியுமுன்பே பிரட்டு எடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போக வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாவிடம் கொடுத்துவிட்டு அம்மாக்கள் இருட்டில் நடப்பார்கள். மங்கில் சேர்ந்த பாலை எடுத்துக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகலாகியிருக்கும். பிள்ளை கண் விழிக்கும்போது தாய் பக்கத்தில் இருக்க மாட்டாள் என்பதை இங்கே முதலில் தீர்மானித்தது ஒரு மரத்தின் இயல்பு.

அந்த மரமே இந்த ஊர் மரமல்ல. பிரேசிலில் பொறுக்கிய விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் கன்றுகளாக இந்தப் பக்கம் வந்தது. அவற்றில் சில, சுங்கை சிப்புட்டுக்கு அடுத்த பெரிய ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்கக் கால மரங்களில் ஒன்று இன்றும் அங்கே வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அதைப் பின்தொடர்ந்து நம் ஆட்கள் வந்தார்கள்.

தோட்டத்தில் வேலை இருந்தவரை அது பாதி நாள் பிரிவுதான். மதியம் அம்மா வந்துவிடுவாள். வேலை போகத் தொடங்கியதும் பிரிவின் அளவு மாறியது. 1950-களிலேயே தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியிருந்தார்கள். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த அச்சத்தில்தான். பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவு. விடியற்காலை அவசரமும் இல்லை. பால் வெட்டிய பெண்களுக்கு வேலை சுருங்கியது. மறுபக்கம், 1980-களின் தொடக்கத்தில் நம் ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய சமமாக இருந்த சிங்கப்பூர் வெள்ளி மேலே போய்க்கொண்டிருந்தது. இன்று அது மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். 1989-இல் என் அம்மாவையும் அப்பாவையும் அழைத்தது அந்தக் கணக்கு. அடுத்த மாதம் என்னை அழைப்பதும் அதே கணக்குதான்.

அழாத பிள்ளை

அவர்கள் போன நாள் எனக்கு நினைவில் இல்லை. போன பிறகுதான் நினைவிருக்கிறது. கண் விழித்தேன். அம்மா படுத்திருந்த பக்கம் அவருடைய கைலி மட்டும் சுருட்டி வைத்திருந்தது. அப்பாயி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தார். "அம்மா எங்க?" என்று தம்பி கேட்டான். "கடைக்கு" என்றார் அப்பாயி. நான் கேட்கவில்லை. கைலியைத் தலையணைக்குள் திணித்து வைத்தேன். வாசனை போகும்வரை அதை யாரையும் துவைக்க விடவில்லை.

தம்பி ஒரு வாரம் அழுதான். நான் அழவில்லை. "மூத்தது தங்கம். அழவே அழாது" என்று லயமே என்னைப் பாராட்டியது. முதல் தீபாவளிக்கு அம்மா வந்தபோது நான் கோயிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "வெட்கப்படுது" என்று சிரித்தார்கள்.

பிரிட்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். ஆயா கையில் வளர்ந்து, சிறு வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு இதைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியை 1952-இல் படம் எடுத்தார். அந்தக் குழந்தை அதிகம் அழவில்லை. பொறுமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் புறப்படும் நாளில் தாயின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டது. அதுவரை மருத்துவர்கள் 'சமாதானமாகிவிட்டது' என்று நினைத்த அமைதி சமாதானம் அல்ல என்று அந்தப் படம் காட்டியது. பிள்ளைகள் வார்டில் பெற்றோரை அனுமதிக்கும் பழக்கம் பிரிட்டனில் மெல்ல மெல்ல அதன் பிறகுதான் பரவியது.

அழாத பிள்ளை வளர்ந்து எப்படி ஆகும்? என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு உதவி கேட்க வராது. காய்ச்சல் என்றாலும் கணவரிடம் சொல்ல மாட்டேன். அவரே நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் கோபம் வரும். வீட்டில் யாராவது மறுநாள் பயணம் போவதென்றால் விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக விழித்துவிடுவேன். அவர் பத்து நிமிடம் தாமதித்தால் மனத்துக்குள் அவருக்குக் காரியமே செய்துவிடுவேன். தம்பி வேறு விதம். எவரோடும் ஒட்டமாட்டான், மூன்று வருடத்துக்கு ஒரு வேலை, ஓர் ஊர். யாரும் தன்னை விட்டுப் போகுமுன் தானே புறப்பட்டுவிடுவது அவன் வழி.

எங்களுக்கு அன்பு குறைவாக இருந்தது என்று சொன்னால் அது அப்பாயிக்குச் செய்யும் துரோகம். அவர் எங்களைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். சிங்கப்பூரிலிருந்து பால்மாவும் பள்ளிக் காலணியும் தவறாமல் வந்தன. 1996-இல் அவர்கள் திரும்பி வந்து வாங்கிய வீட்டில்தான் நான் தேர்வுக்குப் படித்தேன். அந்த வேலை இல்லாவிட்டால் நான் தாதியாகியிருக்க முடியாது. எங்களுக்குக் கிடைக்காமல் போனது ஒன்றுதான்: ஏன் போகிறோம், எப்போது வருவோம் என்று யாரும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

செம்பனை நிழலில் ஒரு கைப்பேசி

கோயில் பக்கத்தில் ஓர் இளைஞர் மர நிழலில் உட்கார்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். லொம்போக் தீவிலிருந்து குலை வெட்ட வந்தவர். திரையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அது அவரிடம் பேசாமல், பின்னால் ஓடிய கோழியையே பார்த்துக்கொண்டிருந்தது. மலேசியாவில் இப்படி வேலை பெர்மிட்டில் வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. மகளை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது என்றார். என் மகளைப் பார்த்ததும் கைப்பேசியைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். இரண்டு பிள்ளைகளும் கையசைத்துக்கொண்டன.

"அந்தப் பாப்பா ஏன் அப்பாகிட்ட பேசல?" என்று காரில் ஏறியதும் மகள் கேட்டாள். "கோபமா இருக்கும்" என்றேன். "ஏன் கோபம்? சொல்லாம வந்துட்டாரா?"

நான் பதில் சொல்லவில்லை. ஈப்போ வரும்வரை காரின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுப்படியில்

அன்று இரவு பிள்ளை தூங்கியதும் அம்மாவிடம் முதல்முறையாகக் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீடு தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. அத்தைதான் இருந்தாங்க. தட்டுல சோறு மூடியிருந்துச்சு. எங்கேன்னு கேட்டா, கடைக்குப் போயிருக்காங்கன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் தோட்டத்து ரோட்டுல நின்னேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கப்பல்னு சொன்னாங்க."

தாத்தா துறையூர்ப் பக்கம் தன் சொந்தக் கிராமத்திலிருந்து கடிதம் எழுதினாராம். 1978-இல் இறந்துபோனார். அம்மா அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

"அப்படின்னா எங்களையும் ஏம்மா அதே மாதிரி விட்டுட்டுப் போனீங்க?"

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. நாற்பது வயதைக் கடந்தவளின் குரலாக அது இல்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "நீ முழிச்சுக்கிட்டு அழுதிருந்தா நான் போயிருக்க மாட்டேன்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ அழவே இல்லன்னு அப்பாயி சொன்னாங்க. உனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான் அங்க நிக்க முடிஞ்சுச்சு" என்றார்.

வேறொன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மீதி வெங்காயத்தை உரித்து முடித்தோம்.

நான் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. வீட்டுக் கடனும் மாமியாரின் மருத்துவச் செலவும் அப்படியேதான் இருக்கின்றன. நம் சமூகத்தில் எத்தனையோ வீடுகளில் இன்றும் இதே நிலைதான். மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், அம்மா வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்து மகளை உட்கார வைத்தேன். எந்த நாளில் போவேன், எந்தெந்தச் சனிக்கிழமை வருவேன் என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டோம். அவள் பாதியிலேயே அழ ஆரம்பித்தாள். "போகாத" என்றாள். நான் தடுக்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போகாமல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும் மகள் ஒரு வட்டத்தைக் காட்டி, "இது ரொம்பத் தள்ளி இருக்கு. நடுவுல இன்னொண்ணு போடு" என்றாள். போட்டேன். அந்த வாரம் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

மாலை ரயிலுக்கு நாங்கள் பையைத் தூக்கியபோது அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தார். "எங்கம்மா?" என்றேன். "டேசனுக்குத்தான்" என்றார்.

ரயில் நகர்ந்தபோது அவர் மேடையில் நின்றார். அழுதார். மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, பாட்டி கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துக்கொண்டே இருந்தாள்.